ஸ்காபரோவில் ஒரு பயிற்சி வகுப்பு

ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியிலே, ஒன்ராறியோ ஏரியின் கரையோரமாக, வெளிறிய களிமண் மேடுகள் கோட்டை மதில்போல எழுந்து நிற்கின்றன. சில இடங்களில் அவற்றின் உயரம் 90 மீற்றர். 1793 ஆம் ஆண்டில், அப்பிரதேசத்தின் உப தேசாதிபதியாக இருந்த சிம்கோ என்பாரின் மனைவியார் எலிசபெத் அம்மையார் இம்மேடுகளைக் கண்டபோது, இங்கிலாந்தில் யோர்க்சயர்க் கரையிலுள்ள ஸ்காபரோ என்னும் பட்டினம் அவர் நினைவுக்கு வந்தது. அப்பெயரையே இவ்விடத்துக்கும் இட்டார். புதிய நாட்டுக்கு வந்தவர் எவரும் முதலிற் செய்வது, விட்டு வந்த ஊரின் சாயலை அங்கே தேடுவதுதான் போலும்.

நம்மவரும் அதனையே செய்தனர். 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் பெருந்தொகையான இலங்கைத் தமிழர் கனடாவை நாடிச் சென்றனர். 1986 ஆகஸ்ட் மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அந்நாட்டு மீனவர் மீட்ட செய்தி உலகெங்கும் பரவிற்று. அந்நாட்களிற் போனோரும் அவர்களைப் பின்தொடர்ந்தோரும் மிகுதியாகக் குடியிருக்கும் பகுதிகளில் ஸ்காபரோ முதன்மையானது. 1998 சனவரி முதலாந் திகதி அது தனி நகரம் என்ற நிலை நீங்கி ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்டது. ஆயினும் மக்கள் வாயில் அது இன்னும் ஸ்காபரோதான். கடைத் தெருக்களில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. முருங்கையிலையும் ஒடியல் மாவும் கருவாடும் அங்கே வாங்கலாம். வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை என்பதுதான் வேறுபாடு.

2024 ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் என் தமக்கையார் வீட்டில் நான்கு வாரம் தங்கியிருந்தேன். நயாகரா நீர்வீழ்ச்சிக்கும் அழைத்துச் சென்றார்கள். அதனைப் பற்றி எழுதியோர் பலர். அதை நான் மீண்டும் வருணிப்பதால் நீர்வீழ்ச்சிக்கும் பயனில்லை, வாசகர்க்கும் பயனில்லை. பெற்றாரைக் கடல் கடந்து அனுப்பியோரும், அனுப்ப எண்ணியிருப்போரும், தாமே போக எண்ணியிருப்போரும் நம் நாட்டில் அநேகர். அவர்களுக்குப் பயன்படக்கூடிய வேறொரு காட்சியை எழுதுகின்றேன். அது ஒரு பயிற்சி வகுப்பு. வயது முதிர்ந்த காலத்திற் குடிபெயர்ந்து வந்தோருக்கு எவ்வாறு உதவுவது என்பதை ஊழியர்களுக்குக் கற்பிக்கும் வகுப்பு.

அங்காடியில் அமர்ந்திருப்போர்

முதலில் அம்முதியோரை எங்கே காணலாம் என்று சொல்லவேண்டும். மாரிகாலத்தில் ஸ்காபரோவின் பேரங்காடிகளுக்குட் காலை பத்து மணியளவிற் சென்று பாருங்கள். கூரையும் வெப்பமும் உள்ள அந்நீண்ட நடைபாதைகளில் முதியோர் வரிசையாக நடப்பார்கள். வெளியே நடைபாதையிற் கண்ணுக்குத் தெரியாத பனிக்கண்ணாடி படர்ந்திருக்கும். வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். ஆதலால் அங்காடியே அவர்களுக்கு நடைவெளி. நடந்து முடிந்ததும் வாங்குகளில் அமர்வார்கள். ஒரு வாங்கிற் சீனர், அடுத்ததில் நம்மவர், அதற்கடுத்ததிற் பஞ்சாபியர் என்று அவ்வவர் மொழிப்படி அமர்ந்திருப்பார்கள்.

அங்கே வடமராட்சியைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவருடன் பேசினேன். எண்பது வயதை நெருங்கியவர். ஊரிலே ஒரு கிராமத்தின் கடிதங்கள் எல்லாவற்றையும் கையாண்டவர். “இஞ்சை எனக்கு என்ன குறை, தம்பி? சாப்பாடு இருக்கு, சூடு இருக்கு, நல்ல மருந்து இருக்கு. ஆனால் எனக்கு வாற கடிதத்தை நான் வாசிக்கேலாது. பேரன் பள்ளிக்கூடத்தாலை வரவேணும்” என்றார். ஆங்கிலம் தெரியாதவர் அல்லர் அவர். ஆயினும் அந்நாட்டு அரசாங்கக் கடிதங்களின் ஆங்கிலமும் அதன் பின்னாலுள்ள விதிகளும் வேறு. அக்கடிதத்துக்கு இன்ன திகதிக்குள் விடை எழுதாவிட்டால் இன்னது நடக்கும் என்பதை அறியாத அச்சமே அவருடைய குறை.

மூவகையினர்

அங்குள்ள நம் முதியோரை மூவகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர், நடுவயதில் அகதிகளாக வந்து, தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் உழைத்து, அங்கேயே மூப்படைந்தோர். இரண்டாம் வகையினர், பிள்ளைகளின் பொறுப்பில் நிரந்தர வதிவிட உரிமையுடன் வந்தோர். மூன்றாம் வகையினர், பெற்றாருக்கும் பேரன் பேத்தியருடைய பாட்டன் பாட்டியருக்கும் எனக் கனடா 2011 டிசம்பரில் ஏற்படுத்திய ‘சுப்பர் விசா’வில் வந்தோர்.

இவர்கள் ஒரே வீட்டிற் கூடியிருந்து ஒரே சோற்றை உண்டாலும், சட்டத்தின் கண்ணில் வெவ்வேறானவர். 65 வயதில் வழங்கப்படும் முதியோர் ஓய்வூதியத்தைப் பெற, பதினெட்டு வயதின் பின்னர் குறைந்தது 10 ஆண்டுகளாவது கனடாவில் வாழ்ந்திருக்கவேண்டும். முழுத்தொகையும் பெறுவதற்கு 40 ஆண்டுகள் வாழ்ந்திருக்கவேண்டும். அறுபதாம் வயதில் வந்த ஒருவருக்கு நாற்பதாண்டுக் கணக்கு எங்ஙனம் நிறையும்? பெற்றாரைப் பொறுப்பேற்று அழைக்கும் பிள்ளை, கியூபெக் மாகாணம் தவிர்ந்த ஏனைய இடங்களில், 20 ஆண்டுகளுக்கு அவர்களைப் பராமரிப்பதாக அரசாங்கத்துக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கின்றார். 2014 வரை அது 10 ஆண்டுகளாக இருந்தது. அந்தக் காலத்துள் பெற்றார் அரசாங்க உதவிப் பணம் பெற்றால், பிள்ளை அதனைத் திருப்பிச் செலுத்தவேண்டும். சுப்பர் விசாவில் வந்தோர் 2022 ஜூலை முதல் ஒருமுறையில் ஐந்தாண்டுகள் வரை தங்கலாம். ஆனால் அவர்கள் விருந்தினரே. மருத்துவத்துக்கு, குறைந்தது ஒரு லட்சம் டொலருக்குத் தனியார் காப்புறுதி எடுத்தே வரவேண்டும்.

பெற்றாரைப் பொறுப்பேற்க விரும்புவோர் தொகையோ மிகப் பெரிது. 2020 ஆம் ஆண்டில் விருப்பந் தெரிவித்துப் பெயர் பதிந்தோரிலிருந்தே 2024 இலும் அழைப்புகள் அனுப்பப்பட்டன என்றால் அந்நிலையை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே காத்திருக்க இயலாதோர் சுப்பர் விசாவையே நாடுகின்றனர். இவ்வளவு வேறுபாடுகளையும் ஒரு முதியவர் தாமே விளங்கிக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியுமா? அதற்காகவே குடியமர்வு ஊழியர் என்றொரு வகுப்பினர் அங்கே இருக்கின்றனர். அரசாங்கப் பணத்தைப் பெற்றுத் தொண்டு நிறுவனங்கள் அவர்களை நியமிக்கின்றன. பாடசாலைகளிலும் பொது நூலகங்களிலுங் கூட அவர்கள் அமர்ந்திருப்பதைக் காணலாம்.

பெயரின் வரலாறு

ஆங்கிலத்தில் இவர்களுக்கு வழங்கும் ‘செற்றில்மன்ற்’ என்னும் அடைமொழிக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1884 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் கிழக்கே, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த வைற்சப்பல் பகுதியில், பாதிரியார் சாமுவேல் பார்னெற்றும் அவர் மனைவியார் ஹென்றியேற்றாவும் ரொயின்பி மண்டபத்தை நிறுவினர். பல்கலைக்கழகத்திற் கற்றோர் அங்கே வந்து குடியிருந்து, ஏழைகளின் அயலவராய் வாழ்ந்து தொண்டு செய்யவேண்டும் என்பது நோக்கம். அதாவது, அன்று குடியமர்ந்தவர் உதவி செய்பவர். இன்று குடியமர்பவர் உதவி பெறுபவர். சொல் ஒன்றே, பொருள் திசை மாறிவிட்டது.

ரொயின்பி மண்டபத்தைப் பார்த்துச் சென்ற ஜேன் அடம்ஸ் அம்மையார், தம் தோழி எலன் கேற்ஸ் ஸ்ராருடன் சேர்ந்து 1889 இற் சிக்காகோவில் ஹல் இல்லத்தைத் தொடங்கினார். பின்னாளில், 1931 இற் சமாதானத்துக்கான நோபல் பரிசையும் பெற்றார். ரொறன்ரோவிலும் 1910 முதல் 1912 வரையான ஆண்டுகளில் இத்தகைய இல்லங்கள் மூன்று தோன்றின.

ஹல் இல்லத்தின் வரலாற்றில் ஒரு பகுதி நம் விடயத்துக்கு மிக நெருங்கியது. ஒரு நாள் ஜேன் அடம்ஸ் தெருவிலே சென்றபோது, இத்தாலிய மூதாட்டி ஒருவர் குடியிருப்பின் படியில் அமர்ந்து, கைத்தக்கிளியில் நூல் நூற்றுக்கொண்டிருந்ததைக் கண்டார். இயந்திரத் தொழிற்சாலைகள் நிறைந்த அந்நகரில் மூதாட்டியின் கைத்திறனுக்கு மதிப்பில்லை. இத்தகைய முதியோரின் பிள்ளைகள் பலரும் பெற்றாரை அறியாதவர் என்றே எண்ணினர். இதனைச் சிந்தித்த அம்மையார், 1900 ஆம் ஆண்டில் ஹல் இல்லத்திலே தொழிற் காட்சிச்சாலை ஒன்றை அமைத்து, முதிய குடியேற்றவாசிகள் தம் நூற்பையும் நெசவையும் பிறருக்குச் செய்துகாட்ட வழிசெய்தார்.

அங்கு வந்த ஒரு பெண்ணின் கதையையும் அவர் தம் நூலில் எழுதியிருக்கின்றார். தாய் நூற்க வருவார். மகள் சமையல் வகுப்புக்கு வருவாள். தலையில் முக்காடும் காலில் நாட்டுப்புறச் சப்பாத்துமாக வரும் தாயுடன் சேர்ந்து நுழைய மகளுக்கு வெட்கம். தாயை முன்வாயிலில் விட்டுவிட்டுத் தான் பக்கவாயிலாற் செல்வாள். ஒரு நாள் கல்வியியற் கழகத்தார் பலர் தாயைச் சூழ்ந்துநின்று அவர் நூற்பைப் புகழ்வதை மகள் கண்டாள். அதன் பின்னர் இருவரும் ஒரே வாயிலால் வந்தனர். முதியோருக்கு உதவுவது பற்றிய பாடநூல்கள் எத்தனையோ இருக்கலாம். அவற்றின் சாரம் இக்கதையிலேயே இருக்கின்றது என்பது என் கருத்து.

வகுப்பறையில்

என்னிடம் முன்பு வரலாறு படித்த மாணவர் ஒருவர் இப்பொழுது ஸ்காபரோவிற் குடியமர்வு ஊழியராகப் பணிபுரிகின்றார். அவர் வழியாகவே பின்வரிசையிலிருந்து பார்க்க அனுமதி கிடைத்தது. வகுப்பில் இருபது பேரளவில் இருந்தனர். தமிழ், சீனம், அரபு, டாரி, சோமாலி, தகலொக் எனப் பல மொழியினர். அவர்களுட் பெரும்பாலானோர் தாமும் குடியேறி வந்தவர்களே. பயிற்சியாளர் ஹொங்கொங்கிற் பிறந்த ஓர் அம்மையார். ஐம்பது வயதைத் தாண்டியவர்.

அவர் விரிவுரையுடன் தொடங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து, “பத்து நிமிடத்தில் நிரப்புங்கள்” என்றார். சீனம் அறியாதோருக்குச் சீனப் படிவம். சீனருக்குத் தமிழ்ப் படிவம். அதுமட்டுமன்று. கண்ணாடிகளில் வாசலைன் பூசப்பட்டிருந்தது. காதுகளில் பஞ்சு. கைகளில் தடித்த கையுறைகள். முதலிற் சிரிப்பொலி கேட்டது. ஐந்தாம் நிமிடத்தில் ஓய்ந்தது. எட்டாம் நிமிடத்தில் ஒரு வாலிபர் பேனாவை வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். “உங்கள் அலுவலகத்துக்கு வரும் முதியவரும் இப்படித்தான் கைகளைக் கட்டிக்கொள்வார். ஒத்துழைக்க மறுக்கின்றார் என்று குறிப்பெழுதிவிடாதீர்கள்” என்றார் அம்மையார். ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையிற் சொல்கின்றேன்: அந்தப் பத்து நிமிடம் ஒரு மாதத்து விரிவுரைக்குச் சமம்.

அடுத்த பாடம் பெயரைப் பற்றியது. நம்மவருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரோ கணவர் பெயரோ அவ்விடத்தை நிரப்புகின்றது. வைத்தியசாலையில் தாதி அந்தக் கடைசிப் பெயரையே சொல்லி அழைப்பார். அதுவும் பாதி சிதைந்த உச்சரிப்பில். தம் காலஞ்சென்ற கணவரின் பெயர் கூப்பிடப்படுவதைத் தம்மை அழைப்பதாக அறியாத மூதாட்டி, தம் முறை வரும் வரும் என்று அமர்ந்தேயிருப்பார். “முதல் நாளிலேயே, உங்களை எப்படி அழைக்கவேண்டும் என்று கேளுங்கள். பின்பு, இங்கே உங்களை எப்படி அழைப்பார்கள் என்பதையும் பழக்குங்கள்” என்பது பயிற்சியாளரின் அறிவுரை.

மூன்றாவது, மொழிபெயர்ப்பு. பேரப்பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளலாகாது என்பது திட்டமான விதி. பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் தம் மூத்திர நோயைப் பாட்டி சொல்வாரா? சொன்னாலும் அவன் அதை வைத்தியருக்குச் சொல்வானா? புற்றுநோய் என்ற செய்தியை அந்தக் குழந்தையின் வாயாலா அவர் கேட்கவேண்டும்? இத்தேவைக்கென மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியிற் கிடைப்பர்.

மறதி நோயைப் பற்றியும் ஒரு பாடம் நடந்தது. பிற்காலத்திற் கற்ற மொழி அந்நோயில் முதலிற் கழன்றுவிடுவதும், தாய்மொழி நெடுங்காலம் நிலைப்பதும் பலரிடம் காணப்படுவதாம். நாற்பதாண்டு ஆங்கிலம் பேசி உழைத்தவர் ஒருவர் திடீரெனத் தமிழில் மட்டும் பேசத் தொடங்கினால், அதைப் பிடிவாதம் என்று கொள்ளாமல் வைத்தியரிடம் அனுப்பவேண்டும். ஆயின், இன்ன நோய் என்று சொல்வது ஊழியரின் வேலையன்று. அவர் வைத்தியரும் அல்லர், சட்டத்தரணியும் அல்லர். எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று தெரிந்து, அக்கதவு வரை கூட நடப்பவர், அவ்வளவே.

தனியே பேசுதல் முறையா?

பிற்பகலில் ஒரு சிறு நாடகம் நடித்துப் பழகினர். ஒருவர் தாய், ஒருவர் மகன், ஒருவர் ஊழியர். தாயின் வங்கி அட்டை மகனிடம் இருக்கின்றது. ஊழியர் கேட்கும் வினாவுக்கெல்லாம் மகனே விடை சொல்கின்றார். தாயாக நடித்த தமிழ்ப் பெண்மணி, “எல்லாம் சுகம்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. தாயிடம் தனியே பேசுவதற்கு ஊழியர் தருணம் ஏற்படுத்தவேண்டும் என்றார் பயிற்சியாளர்.

அப்போது என் மாணவர் எழுந்து மறுத்தார். “எங்கள் சமூகத்தில் தாயையும் மகனையும் பிரித்து வைத்து விசாரிப்பது பெரிய அவமானம். அட்டை மகனிடம் இருப்பது களவன்று. தாய்க்குப் பனியில் வங்கிக்குப் போக முடியாது. ஊழியர் இரண்டாம் முறை அவ்வீட்டு வாசலில் நிற்க முடியாது” என்றார். சீனப் பெண் ஒருவரும் சோமாலியர் ஒருவரும் அதனை ஆமோதித்தனர். இது வெறும் வாய்ச் சண்டையன்று. ஒரு பக்கத்தில் குடும்பத்தின் நம்பிக்கை. மறுபக்கத்தில் வாய் திறக்க இயலாத ஒரு மனிதப் பிறவியின் பாதுகாப்பு.

அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு சொன்னார்: “நீங்கள் சொல்வது பத்து வீடுகளில் ஒன்பதுக்குப் பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். பத்தாவது வீட்டுத் தாயும் ‘எல்லாம் சுகம்’ என்றுதான் சொல்வார். ஒன்பது பேரிடமும் பத்தாமவரிடமும் ஒரே முறையில் நடந்தாலன்றி, பத்தாமவரை நாம் அறியமாட்டோம். எவரையும் சந்தேகித்துத் தனியே அழைக்காதீர்கள். எல்லாரையும் வழக்கமாகத் தனியே அழையுங்கள். மகனையும் தனியே அழைத்து அவருடைய களைப்பையும் கேளுங்கள்.”

இவ்விடை எனக்கு நியாயமாகப் பட்டது. நம் ஊரிலும் கல்லூரி அதிபர் ஒருவர், ஒரு மாணவனை மட்டும் அழைத்தால் அது விசாரணை. வகுப்பு முழுவதையும் ஒவ்வொருவராக அழைத்தால் அது விசாரிப்பு. மகனின் களைப்பையும் கேட்கவேண்டும் என்றதில் மிகுந்த அறிவிருக்கின்றது. இரு வேலை செய்து, வீட்டுக் கடன் கட்டி, இருபதாண்டுப் பொறுப்பிற் கையெழுத்திட்ட பிள்ளையின் தோள் இரும்பாலானதன்று.

அன்று நான் கேட்டவற்றுள் மிக முக்கியமானது இதுதான். வாசகர்கள் இதனை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். பிள்ளையின் பொறுப்பில் வந்த பெற்றார் பலர், “மகன் கோபித்துக் கையெழுத்தை வாபஸ் வாங்கினால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்” என்று நம்பி, எதையும் பொறுத்துக்கொண்டு இருக்கின்றனர். இது உண்மையன்று. நிரந்தர வதிவிட உரிமை ஒருமுறை வழங்கப்பட்ட பின், பொறுப்பேற்றவர் அதனை மீளப் பெற முடியாது. மனஸ்தாபம் வந்ததற்காக எவரும் நாடு கடத்தப்படுவதில்லை. இந்த ஒரு செய்தியைத் தாய்மொழியிற் சொல்வதற்கு ஓர் ஊழியர் இருந்தால், எத்தனையோ மூதாட்டியர் இரவில் நித்திரை கொள்வர்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

அவ்வாரம் வெள்ளிக்கிழமை என் மாணவர் நடத்தும் முதியோர் கூட்டத்துக்குச் சென்றேன். கெனடி நிலையத்திலிருந்து பஸ் ஏறவேண்டும். முன்பு அங்கிருந்து ஓடிய சிறு புகைவண்டிப் பாதை 2023 ஜூலையில் ஒரு விபத்தின் பின் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. முதியோருக்கு அதுவும் ஓர் இடர்; பழகிய வழி மாறினாற் புதுவழி பழக நாளாகும். ஆதலால் அன்றைய முதற் பாடமே பஸ் எண்களை வாசிப்பது.

இரண்டாவது பாடம், ஆபத்து வேளையில் 911 என்ற எண்ணை அழைப்பது. “ஆங்கிலம் வராது எண்டு போனை வைக்கக்கூடாது, அம்மா. ‘ரமில்’ எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. பிறகு உங்கடை விலாசம். மொழிபெயர்ப்பாளரை அவையே பிடிச்சுத் தருவினம்” என்று சொல்லிக் கொடுத்தார் மாணவர். இருபது முதியோரும் ஒருவர் பின் ஒருவராகத் தம் வீட்டிலக்கத்தையும் வீதிப் பெயரையும் ஆங்கிலத்திற் சொல்லிப் பழகினர். தம் விலாசம் தெரியாதோர் மூவர் இருந்தனர். பிள்ளையின் வீட்டில் இருப்போருக்கு விலாசம் எதற்கு என்று அவர்கள் நினைத்திருக்கவேண்டும். அவசரமல்லாத உதவிகளுக்கு 211 என்ற எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அங்கும் பல மொழிகளில் உதவுவோர் உண்டு.

ஆங்கில வகுப்புப் பற்றியும் பேச்சு எழுந்தது. மத்திய அரசின் பணத்தில் 1992 முதல் இலவச மொழி வகுப்புகள் நடக்கின்றன. அவை முக்கியமாக நிரந்தர வதிவாளருக்கு உரியன. பிரசாவுரிமை பெற்றபின் அவற்றிற் சேர இயலாது. 55 வயது கடந்தோர் பிரசாவுரிமைக்கு மொழிப் பரீட்சை எழுதவேண்டியதில்லை. ஆகவே எழுபது வயது முதியவர் ஆங்கிலம் அறியாமலே பிரசையாகிவிடலாம். பிரசையானதும் அவ்வகுப்பின் கதவு மூடப்படும். மாகாணப் பணத்தில் நடக்கும் வகுப்புகளில் இடம் உண்டு. ஆனால் அது வேறு கந்தோர், வேறு பஸ், வேறு படிவம். சுப்பர் விசாவில் வந்தோருக்கோ மத்திய அரசின் குடியமர்வுச் சேவைகள் உரியனவல்ல. அவர்கள் வந்து நின்றால் ஊழியர் என் செய்வார்? தொண்டு நிறுவனங்களின் பிற நிதியிலும், கோயில்களிலும் ஊர்ச் சங்கங்களிலும் வழி தேடுகின்றனர். பயிற்சியிலே கருணையைக் கற்பிக்கலாம். சட்டத்தின் இடைவெளியைக் கருணையால் மட்டும் நிரப்ப முடியாது.

கூட்டத்தின் இறுதியில் ஓர் அம்மையார், புங்குடுதீவைச் சேர்ந்தவர், நீண்ட வண்ணக் காகிதக் கீலங்களை எடுத்துப் பெட்டி இழைக்கத் தொடங்கினார். பனையோலை அங்கே ஏது? விரல்கள் மட்டும் ஓலைப் பழக்கத்தை மறக்கவில்லை. பாடசாலை விட்டு வந்த சிறுவர் சிலர் அவரைச் சூழ்ந்தனர். அவர்களுள் ஒருத்தி அவருடைய பேத்தி. “அம்மம்மா, இது எப்படி மடிக்கிறது?” என்று அவள் தமிழிற் கேட்டாள். வீட்டிற் பேத்தி ஆங்கிலத்திலேயே பேசுவாள் என்று அம்மையார் என்னிடம் முன்னர் சொல்லியிருந்தார். என் மாணவர் ஹல் இல்லத்தைப் பற்றிப் படித்தவரோ என்னவோ, நான் கேட்கவில்லை. ஆனால் சிக்காகோவில் 1900 இல் நடந்ததும் ஸ்காபரோவில் அன்று நடந்ததும் ஒன்றேதான்.

நமக்குரிய பாடம்

பெற்றாரை அனுப்புவோரும் போவோரும் இங்கிருந்தே செய்யத்தக்கவை சில உண்டு. பிறப்பத்தாட்சி, விவாகப் பதிவு, கடவுச்சீட்டு ஆகிய யாவற்றிலும் பெயர் ஒரேவிதமாக எழுதப்பட்டிருக்கின்றதா என்று பாருங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் விற்பனைப் பெயரை அன்றி, மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். இங்குள்ள விற்பனைப் பெயர்கள் பல அங்கே வழங்குவதில்லை. போகும் முன்பே பிள்ளையின் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் பாடமாக்குங்கள். எந்த விசாவிற் போகின்றோம், அதில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைப் பிள்ளையிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். உங்கள் பத்திரங்களின் பிரதி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கட்டும். விளங்காத எந்தத் தாளிலும், அதிலும் சொத்தையோ பணத்தையோ பராமரிக்கும் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் பத்திரத்தில், கேட்டறியாமற் கையெழுத்திடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அனுப்பப்படாமல் இங்கேயே விடப்பட்ட முதியோரும் நம் கிராமங்களில் நிறைந்திருக்கின்றனர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும். பெற்றார் பூட்டிய கேற்றுக்குப் பின்னால். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கின்றது. அதன் வழியே அமைந்த தேசிய சபையும் இருக்கின்றது. கிராம அலுவலர், சமூக சேவை உத்தியோகத்தர், வங்கி எழுதுவினைஞர், வைத்தியசாலைத் தாதி ஆகியோருள் எத்தனை பேர் வாசலைன் பூசிய கண்ணாடியுடன் ஒரு படிவத்தை நிரப்பிப் பார்த்திருப்பர்? அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு பழைய மூக்குக்கண்ணாடி, சிறிது பஞ்சு, ஒரு சோடிக் கையுறை, ஒரு காலைப்பொழுது போதும்.

புகையிலைக் கன்றை நாற்றுமேடையிலிருந்து பிடுங்கி நடுவது யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்குக் கைவந்த தொழில். வளர்ந்த பனையைப் பிடுங்கி நடுவோர் இல்லை. கன்றுக்கு வாழ வேறு வழியில்லாத காலத்தில், நம்மவர் பனைகளையும் பெயர்த்துக்கொண்டு போயினர். போன இடத்தில் அவற்றுக்கு நீர் வார்க்கப் பழகுவோர் இருக்கின்றனர் என்பதை நேரிற் கண்டேன். நின்ற இடத்திலேயே நிற்கும் பனைகளுக்கு நீர் வார்ப்பது நம் கடன்.